பெற்றோர் பக்கம்: பிஸ்டல் வாங்கமுன் பார்க்கவேண்டியவை

துவக்கு என்ற சொல்லைக் கேட்டால் எம்மில் பலருக்கு இன்றைக்கும் நெஞ்சு திக்கென்றுதான் அடிக்கிறது. அதன் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஆனால் நாம் வந்து குடியிருக்கும் சுவிஸ் நாட்டிலோ சிறிய ஊர்களிலும் சூட்டுக் கழகம் இருக்கிறது. சூரிச் நகரில் ஒவ்வொரு செப்ரெம்பரிலும் நடக்கும் க்னாபன்ஷீஸன் என்னும் நீள்துவக்குப் போட்டியில் 13 வயது முதல் 17 வயது வரையான பிள்ளைகள் பங்குபற்றுகிறார்கள். 1991ஆம் ஆண்டு முதல் பெண்பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டு. கால்பந்துக் கழகம் போல, பாடற் கழகம் போல இதுவும் இங்குள்ளவர்களின் ஊர் வழக்கம்.

இந்த மண்ணிலே பிறந்த எமது பிள்ளைகள் வகுப்புத் தோழரோடு கழகத்துக்குப் போய்ப் பார்க்கிறார்கள். சில மாதங்களில் "அப்பா, எனக்கென்று ஒரு பிஸ்டல் வேண்டும்" என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று ஒரே சொல்லில் மறுக்கும் பெற்றோரும் உண்டு. பிள்ளை கேட்டுவிட்டதே என்று அடுத்த நாளே கடைக்குப் போகும் பெற்றோரும் உண்டு. இரண்டுமே அவசரம் என்பது எமது எண்ணம். முதலில் கடதாசி, பிறகு கழகத்தின் பிஸ்டல், கடைசியில்தான் கடை. இந்த ஒழுங்கு மாறினால் பணம் மட்டுமல்ல, வேறு சிலவும் நட்டமாகலாம்.

கடதாசி என்று நாம் சொல்வது குடியுரிமையை. 2008ஆம் ஆண்டின் சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதியில் 12ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சில நாடுகளின் குடிமக்கள் இங்கே ஆயுதம் வாங்குவதையும், வைத்திருப்பதையும், சுடுதுவக்கால் சுடுவதையும் அது தடைசெய்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கையும் உண்டு. வதிவிட அனுமதி எஃப் ஆக இருந்தாலும் பி ஆக இருந்தாலும் சி ஆக இருந்தாலும் இந்தத் தடை நீங்காது. சட்டம் பார்ப்பது கடவுச்சீட்டின் நாட்டைத்தான். இங்கேயே பிறந்து, இந்நாட்டு மொழியை இந்நாட்டுப் பிள்ளையைப் போலப் பேசும் பிள்ளையானாலும், இலங்கைக் குடியுரிமை மட்டும் உள்ளவரென்றால் அவரையும் இது கட்டும். பயிற்சியாளர் பலருக்கு இந்த விதி நினைவுக்கு வராது. அவர்களுடைய கண்ணுக்கு எமது பிள்ளையும் மற்றப் பிள்ளைகளில் ஒருவர்தான். அது நல்ல மனம். ஆனால் பின்னாளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது ஆயுதச் சட்டத்தை மீறிய பதிவு ஒன்று பெயரில் கிடந்தால் விளக்கம் சொல்லவேண்டியவர்கள் நாம்தான்.

கதவு முற்றாகப் பூட்டப்பட்டும் இல்லை. விளையாட்டுப் போட்டிகளில் பங்குபற்றுவோருக்கு விதிவிலக்காக அனுமதி வழங்க மாநில அதிகாரிகளுக்கு ஆயுதச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. கழகத்திடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, நீங்கள் வசிக்கும் மாநிலப் பொலிஸின் ஆயுதப் பிரிவுக்கு விண்ணப்பியுங்கள். பதிலை எழுத்திலே பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளைக்கு இரண்டு குடியுரிமை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள். சுவிஸ் குடியுரிமை மட்டும் உள்ள பிள்ளையை இந்தத் தடை தொடாது.

இனி எந்த வகைப் பிஸ்டல் என்று பார்ப்போம். தொடங்குபவருக்கு உரியது 10 மீற்றர் தூரத்தில் சுடும் காற்றுப் பிஸ்டல். அமுக்கிய காற்றால் 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னத்தைத் தள்ளும் கருவி இது. வெடிமருந்து கிடையாது, பெரிய சத்தமும் கிடையாது. இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீற்றர் அகலம். ஏறத்தாழ ஒரு சட்டைப் பொத்தான் அளவு. பெரியவர்களுக்கான முழுப் போட்டி 60 சூடுகள், உச்சப் புள்ளி 600. ஒரே கையால்தான் பிடிக்கவேண்டும், மற்றக் கையைத் தாங்கலாகக் கொடுக்க முடியாது. பலம் காட்டும் விளையாட்டல்ல இது. மூச்சையும் மனத்தையும் அடக்கும் விளையாட்டு.

காற்றுப் பிஸ்டல்தானே, அதற்கு என்ன சட்டம் என்று எண்ணிவிடவேண்டாம். 7.5 யூல் அல்லது அதற்கு மேற்பட்ட சக்தி கொண்ட, அல்லது உண்மையான துவக்கென்று பார்ப்பவர் மயங்கக்கூடிய காற்றுத் துப்பாக்கிகள் இந்நாட்டில் ஆயுதமாகவே கணிக்கப்படுகின்றன. போட்டிப் பிஸ்டல்கள் பொதுவாக அந்தச் சக்திக்குக் கீழே நிற்பவை. ஆனாலும் தோற்றம் பற்றித் தீர்மானிப்பது நாமும் அல்ல, கடைக்காரரும் அல்ல. ஆகவே மேலே சொன்ன விண்ணப்பத்தில் எந்த மாதிரி என்பதையும் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

கடதாசி சரியானால், முதற் பருவம் முழுவதும் கழகத்தின் பிஸ்டலே போதும். இரவல் தருவது கழகங்களின் வழக்கம். அந்தக் காலத்தில் ஒன்றோடு நின்றுவிடாமல் இரண்டு மூன்று மாதிரிகளைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒஸ்ரியாவின் ஸ்ரையர், யேர்மனியின் வால்ரர், ஃபைன்வேர்க்பௌ, சுவிஸ் நாட்டின் ரெசினில் செய்யப்படும் மொரினி ஆகியவை போட்டிக் கூடங்களில் அடிக்கடி காணும் பெயர்கள். இவற்றுள் எதுவும் கூடாது என்று ஒதுக்கமுடியாது. எது நல்லது என்பதைவிட எது இந்தப் பிள்ளையின் கைக்குப் பொருந்துகிறது என்பதே கேள்வி. பார்க்கவேண்டியவை நான்கு.

முதலாவது பிடி. மரத்தில் கைவடிவாகச் செதுக்கிய பிடிகள் சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவுகளில் வருகின்றன; இடக்கைக்காரருக்கு வேறாக உண்டு. சோதிக்கும் முறை இலகுவானது. சன்னம் போடாத பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு இலக்கை நோக்கிக் கையை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறக்கவேண்டும். முன்னும் பின்னுமுள்ள குறிகாட்டிகள் ஒரே கோட்டில் நின்றால் பிடி பொருந்துகிறது. மணிக்கட்டைத் திருப்பித்தான் சரிக்கட்டவேண்டும் என்றால் அந்தப் பிடி அவருக்குரியதல்ல.

இரண்டாவது பாரம். சர்வதேச விதிப்படி காற்றுப் பிஸ்டல் 1500 கிராமுக்கு மேற்படக்கூடாது. வழமையான மாதிரிகள் ஒரு கிலோவை ஒட்டியே நிற்கும். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள், அதுதான் பாரம். பயிற்சிச் சூடுகளையும் இடையில் இறக்கி மீண்டும் தூக்குவதையும் சேர்த்தால் ஒரு போட்டியில் நூறு தடவை தூக்க நேரும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய சுமை. அவர்களுக்கென்று நீளம் குறைந்த, பாரம் குறைந்த மாதிரிகள் உண்டு. வளர்வார்தானே என்று ஒரு அளவு கூடின சப்பாத்து வாங்குவதுபோலப் பெரிய பிஸ்டலை வாங்கவேண்டாம். தோள் வலித்தால் குறி கெடும். குறி கெட்டால் ஆசையும் போய்விடும்.

மூன்றாவது விசை. குறைந்தது 500 கிராம் பாரத்தைத் தாங்கவேண்டும் என்பது விதி. போட்டிக்கு முன் நிறைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். அதைவிட இளகிய விசையோடு போட்டியில் நிற்க இடமில்லை. விரல் எந்த இடத்தில் படவேண்டும் என்று விசையை முன்பின் நகர்த்தக்கூடிய மாதிரியாகப் பாருங்கள். சன்னமில்லாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகும் வசதியும் வேண்டும். வீட்டுப் பயிற்சியின் பெரும்பகுதி அதுதான், அதற்குச் செலவும் இல்லை.

நான்காவது கண். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஆதிக்கமாக இருப்பது உண்டு. பயிற்சியாளர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பார். அதைத் தெரிந்துகொண்ட பிறகே பிடியையும் குறிகாட்டியையும் தீர்மானிக்கவேண்டும்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். புதிய போட்டிப் பிஸ்டல் பெரும்பாலும் 1500 பிராங்குக்கு மேலே போகும். கழகத்தினரிடம் பாவித்தது குறைந்த விலைக்குக் கிடைக்கும். நல்ல பிஸ்டல் பல வருடம் உழைக்கும் என்பதால் அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் காற்றுச் சிலிண்டரில் பொறித்திருக்கும் திகதியைக் கட்டாயம் பாருங்கள். சிலிண்டருக்குச் செய்தவர் கொடுக்கும் ஆயுள் பத்து வருடத்துக்கு மேற்படாது. கெடு முடிந்ததோடு போட்டியில் நிற்க முடியாது. 200 பார் அழுத்தம் அடைப்பதால் ஆபத்தும் உண்டு. புதுச் சிலிண்டரின் விலையையும் கூட்டிப் பார்த்த பிறகு பேரம் பேசுங்கள்.

25 மீற்றர் தூரத்துக்கு 0.22 அங்குலச் சுடுபிஸ்டல் அடுத்த படி. அதற்கு விசைப்பாரம் 1000 கிராம். அது சந்தேகத்துக்கிடமின்றி ஆயுதம். 18 வயதும் வாஃபன் எர்வெர்ப்ஸ்ஷைன் என்னும் அனுமதிப்பத்திரமும் வேண்டும். காற்றுப் பிஸ்டலில் இரண்டு மூன்று வருடம் பழகாத பிள்ளைக்கு அதைப்பற்றிப் பேசுவது வீண்.

விலை கூடினால் புள்ளி கூடும் என்றும் எண்ணவேண்டாம். 2021இல் ரோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் போட்டி நடுவே பழுதாகி, அவர் இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். 2024இல் பாரிஸில் அதே 10 மீற்றர் போட்டியில் வெண்கலம் வென்றார். அதே பாரிஸில் துருக்கியின் யூசுப் டிக்கெச் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைக் காற்சட்டைப் பையில் விட்டபடி நின்று கலப்பு அணியில் வெள்ளி பெற்றார். 2016இல் றியோவில் சுவிஸ் நாட்டுக்கு முதற் பதக்கம் பெற்றுத் தந்த ஹைடி டீற்றெல்ம் கேர்பர் பிஸ்டல் வீராங்கனைதான்; அப்போது அவருக்கு வயது 47. பிள்ளையைக் கழகத்தில் விட்டுவிட்டு வாகனத்தில் காத்திருக்கும் அம்மாமாரும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வாங்கியாயிற்று என்றால் வீட்டு ஒழுங்கு ஒன்று வேண்டும். பிஸ்டல் பூட்டிய பெட்டிக்குள், சன்னம் வேறிடத்தில், திறப்பு பெற்றோர் கையில். கழகத்துக்குக் கொண்டுபோகும்போது வெறுமையாக்கி மூடிய பெட்டியில், போகும் வழியில் எங்கும் தங்காமல். புகையிரதத்தில் நண்பனுக்குக் காட்டத் திறப்பதும், கையில் பிடித்துப் படமெடுத்துப் போடுவதும் கூடவே கூடாது. ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின்பே சாப்பாடு.

வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால் பெட்டி வருவதற்கு முன்பே அவர்களுக்குச் சொல்லுங்கள். அலுமாரியில் தற்செயலாகக் கண்டால் அவர்களுக்கு என்ன நினைவு வரும் என்பது எமக்குத் தெரியும். முடிந்தால் ஒரு நாள் கழகத்துக்கும் கூட்டிப் போங்கள். பேரப்பிள்ளை மூச்சை அடக்கிக் கடதாசி வட்டத்தைக் குறிபார்ப்பதை அவர்கள் தம் கண்ணால் பார்க்கட்டும். அதன் பிறகும் அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் பிஸ்டலைக் கழகத்திலேயே பூட்டி வைக்கக் கேளுங்கள். பிள்ளையின் விளையாட்டும் நடக்கட்டும், பெரியவர்களின் நித்திரையும் கெடாமல் இருக்கட்டும்.