தொடாதே என்றால் போதுமா?



பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. காலைத் தேநீர் கலக்கச் சமையலறைக்குச் சென்ற என் தாயார், "தம்பி, தரையெல்லாம் ஈரம். கால் சுடுது" என்று குரல் கொடுத்தார். ஓடிச் சென்று, பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழுள்ள அலமாரியைத் திறந்தேன். கொதிநீர்க் குழாய்க்கு நீரைச் சூடாக்கும் சிறு கலன் அங்குத்தான் இருக்கிறது. அதிலிருந்து மேலே செல்லும் ஹோஸின் அடியில் நீர் கசிந்து, ஆவி பறந்துகொண்டிருந்தது. பின்னால் வந்து நின்ற என் மகளுக்குப் பத்து வயது. "எதை மூடணும்பா?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை!

வெப்பம், நீரின் நிலைகள் என்றெல்லாம் இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையிலும் வெண்பலகையிலும் எழுதி வருபவன் நான். என் வீட்டுத் தொட்டியின் கீழ் இருக்கும் வால்வுகளில் எது எதற்கு என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. நல்ல வேளையாக மின்விசையை அணைக்கத் தோன்றியது. பிறகு வாசலுக்கு ஓடி, மீட்டர் அருகே உள்ள முதன்மைக் குழாயை அடைத்தேன். நண்பகல் வரை வீட்டில் கை கழுவவும் நீரில்லை. அன்று என் தாயாரின் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால், நம்மவர் வழக்கப்படி யாரேனும் பற்பசையையோ கிச்சாப்பையோ தடவியிருப்பார்கள். சுடுநீர் பட்ட இடத்தில் குழாய் நீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். அதற்கும் அன்று எங்கள் வீட்டில் நீரில்லை என்பதைப் பிறகு எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்கு வியர்த்தது.

கருவியைப் பற்றிச் சற்றுக் கூறிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கலன் அழுத்தமில்லா வகையைச் சேர்ந்தது. குழாயைத் திருகினால் குளிர்ந்த நீர் கலனின் அடியில் நுழையும். அது தள்ளிவிடும் கொதிநீர் ஹோஸ் வழியாக ஏறி, குழாயின் வாயில் விழும். நீர் அறை வெப்பத்திலிருந்து 100 பாகைக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 4 விழுக்காடு விரிவடைகிறது. 3 லிட்டர் கலனில் அது 120 மில்லிலிட்டர். அந்தக் கூடுதல் நீர் குழாயின் வாய் வழியாகத்தான் சொட்டி வெளியேற வேண்டும். ஆகவே, சூடேறும் வேளையில் குழாய் சொட்டுவது பழுதன்று. அதை அடைக்க முயல்வதே ஆபத்து. ஹோஸிலிருந்து சொட்டுவது வேறு கதை.

எங்கள் கதைக்குக் காரணம் எளியது. ஓராண்டுக்கு முன்னர்ப் பழுதுபார்க்க வந்த ஒருவர் (பெயர் வேண்டா), ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் ஒளி ஊடுருவும் சாதாரணப் பிளாஸ்டிக் ஹோஸை மாட்டிச் சென்றிருந்தார். அவ்வகை ஹோஸ் பொதுவாக 60 பாகைக்கு மேல் தாங்காது. நாள்தோறும் கொதிநீர் பட்டு, கிளிப் இறுக்கிய இடத்தில் இளகிப் பிளந்துவிட்டது. அன்று அவருக்குப் பணம் கொடுத்து நன்றியும் கூறி அனுப்பியவன் நானே. "இந்த ஹோஸ் சூட்டைத் தாங்குமா?" என்று ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

இம்முறை நானே மாற்றினேன். மின்செருகியைக் கழற்றி, இரவு முழுவதும் ஆறவிட்டேன். மறுநாள் காலையிலும் கலன் வெதுவெதுப்பாகவே இருந்தது. கருவிக்குரிய சிலிகோன் ஹோஸை அதே அளவில் வாங்கி, மடிப்பு விழாமல் பொருத்தினேன். முன்பு ஒரு குழம்புச் சட்டி அதை நெருக்கிக்கொண்டிருந்தது. சட்டிக்கு வேறிடம் பார்த்தாயிற்று. குழாயின் வாயிலிருந்து நீர் தடையின்றி விழுந்த பிறகே மின்விசையைத் தட்டினேன். வெறுங்கலனைச் சூடாக்கக் கூடாது. இணைப்பைச் சுற்றி உலர்ந்த மெல்லிழைத்தாளைச் சுற்றி வைத்தது மகளின் வேலை. ஒரு மணி நேரம் கழித்தும் தாள் நனையவில்லை.

இனி நான் சொல்ல வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர், என் வகுப்பில் ஒரு பழைய குழாயைக் கொண்டுவந்து, மாணவர்களை அதைக் கழற்றி வாஷர் மாற்ற வைத்தேன். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்தார். "சார், என் பிள்ளையைப் பிளம்பராக்கவா பள்ளிக்கு அனுப்புறேன்?" என்றார். கூட்டத்தில் சிலர் தலையாட்டினர். எனக்குச் சினம் வந்தது. ஆயினும் அந்தக் கேள்வியை நான் ஏளனம் செய்ய மாட்டேன். என் தந்தையும் அதையேதான் கூறினார். தோட்டத்து லயத்து வீட்டில், பால்மரம் சீவும் கத்தியை அவர் சாணை பிடிக்கும்போது நான் அருகில் சென்றால், "இதைத் தொடாதே, போய்ப் புத்தகத்தைத் தொடு" என்பார். அவர் தம் கையில் இருந்த கருவியை வெறுக்கவில்லை. அக்கருவியோடு வந்த வாழ்வு எனக்கு வேண்டா என்று எண்ணினார். அவர் எண்ணம் நிறைவேறியது. ஆனால், தோட்டத்தை விட்டு வந்த நாம் அந்தத் 'தொடாதே'யை மட்டும் வீடமைப்புப் பகுதிகளுக்குத் தூக்கி வந்துவிட்டோம். அது இன்று யாரைக் காக்கிறது?

பள்ளியும் துணைக்கு வரவில்லை. இடைநிலைப்பள்ளியில் எங்கள் காலத்து 'கெமாஹிரான் ஹிடூப்' பாடத்தில் குழாய்த் தலையைக் கழற்றினோம். 2017 முதல் படிப்படியாக அதன் இடத்தில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' வந்தது. புதிய பாடம் குறையுடையது என்று நான் கூறவில்லை. பிள்ளைகள் அழகாகவே வரைகிறார்கள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் கைவிடப்பட்டபோது, மிஞ்சும் நேரத்தில் கைவேலைக்கு இடம் கிடைக்கும் என்று நம்பினேன். அந்நேரத்தைப் பயிற்சி நூல்கள் எடுத்துக்கொண்டன. அவற்றை வாங்கச் சொன்னவர்களில் நாமும் இருக்கிறோம், ஆசிரியர்களே.

கொதிநீர்க் கருவியைப் பிள்ளைகள் பழுதுபார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது பெரியவர்களின் வேலை. மின்கம்பி சார்ந்த பழுதெனில் உரிமம் பெற்றவரின் வேலை. எந்த மின்விசையை அணைப்பது, எந்த வால்வை மூடுவது, எங்கே நிற்கக் கூடாது ஆகிய மூன்றும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைப்பழக்கத்திற்குக் குளிர்நீர்க் குழாய் போதும். பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்று, பாட்டியும் பேத்தியும் மட்டும் இருக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனை! என் வீடும் அவற்றுள் ஒன்றுதான்.

அன்று மாலை மகள் ஒரு வெள்ளை நாடாத் துண்டில் 'இதை மூடு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, வால்வின் கழுத்தில் ஒட்டினாள். என் தாயார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முட்டியைப் பிடித்தவாறு குனிந்து அதைப் படித்தார். ஒருமுறை மூடிப் பார்த்தார். பிறகு திறந்துவிட்டு, தேநீருக்கு நீர் பிடித்தார்.