கோச் பேச்சைக் கேட்காதே!



2015 செப்டம்பர் 19. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரம். ரக்பி உலகக் கோப்பை. ரெண்டு தடவை சாம்பியனான தென் ஆப்பிரிக்கா 32, ஜப்பான் 29. ஆட்டம் முடியப்போற நேரத்துல ஜப்பானுக்கு ஒரு பெனால்டி. பந்தைக் கம்பங்களுக்கு நடுவுல உதைச்சா 3 பாயின்ட். மேட்ச் டிரா! அதுவரை ஜப்பான் உலகக் கோப்பையில ஜெயிச்சது ஒரே ஒரு மேட்ச்தான். அதுவும் 1991-ல, ஜிம்பாப்வேகிட்ட. அதனால, டிரா ஆனாலே திருவிழாதான்.

கோச் எடி ஜோன்ஸும் அந்த 3 பாயின்ட்டைத்தான் எடுக்கச் சொன்னார். கேப்டன் மைக்கேல் லீச் கேட்கலை. எட்டுப் பேரும் தோள் கோத்து எதிரணியை முட்டித் தள்ளுற ‘ஸ்க்ரம்’ போதும்னுட்டார். சொதப்பினா தோல்வி! ஆனா, கடைசி நிமிஷங்கள்ல களமிறங்கின கார்ன் ஹெஸ்கெத் மூலையில பாய்ஞ்சு ‘ட்ரை’ அடிச்சார். 34-32. உலகமே ஆடிப் போச்சு.

யார் இந்த எடி? 1960-ல டாஸ்மேனியாவில் பிறந்த ஆஸ்திரேலியர். அம்மா ஜப்பானிய வம்சாவளி. சிட்னியின் ராண்ட்விக் கிளப்புக்கு ஆடினவர். 1989-ல ஆஸ்திரேலிய டீமுக்கு அவரோட பொசிஷன்ல ஆள் தேடினாங்க. கூப்பிட்டது எடியை இல்லை... அதே கிளப்போட ரிசர்வ் டீம்ல இருந்த ஃபில் கேர்ன்ஸை! நம்ம பாஷையில சொன்னா, வெயிட்டிங் லிஸ்ட்காரர் கைக்கு ஆஃபர் லெட்டர். எடி கடைசி வரை ஆஸ்திரேலிய ஜெர்ஸி போடவே இல்லை.

ரக்பி யூனியன்ல அப்போ ஆடறதுக்குச் சம்பளமும் கிடையாது. 1995-லதான் அதிகாரபூர்வமா புரொஃபஷனல் ஆச்சு. எடிக்குச் சோறு போட்டது ஸ்கூல் வாத்தியார் வேலை. அப்புறம்தான் முழுநேர கோச். 2001-ல பிரம்பீஸ் டீமுக்கு சூப்பர் 12 பட்டம். 2003 உலகக் கோப்பை ஃபைனல்ல அவரோட ஆஸ்திரேலியா 20-17-ல இங்கிலாந்துகிட்ட தோத்துச்சு. 2005-ல வேலையே போச்சு. 2007-ல கோப்பை ஜெயிச்ச தென் ஆப்பிரிக்காவுக்கு ஆலோசகர். 2012-ல ஜப்பான்.

அங்கே அதிகாலை 5 மணிக்கே பிராக்டீஸ். பெண்டு நிமிர்த்திட்டார் மனுஷன்! ஆனா, எடிக்கு ஒரு பெரிய குறை. பசங்க சொன்னதை அச்சு பிசகாம செய்றாங்க, களத்துல தாங்களா முடிவெடுக்க மாட்டேங்கிறாங்க. அவர் மாத்த நினைச்சது இதைத்தான். பிரைட்டன்ல லீச் அவர் பேச்சை மீறினாரே, அந்த நிமிஷம்தான் எடியோட நாலு வருஷ பாடம் பாஸ் ஆச்சு!

அப்புறம் எல்லாம் சுபம்னு நினைக்காதீங்க. இங்கிலாந்துக்குத் தொடர்ந்து 17 வெற்றி தேடித் தந்தவரை 2022 டிசம்பர்ல அனுப்பிட்டாங்க. 2023 உலகக் கோப்பையில அவரோட ஆஸ்திரேலியா, வரலாற்றிலேயே முதல் தடவையா லீக் சுற்றோடு வெளியேறுச்சு. ராஜினாமா. 2024-ல மறுபடியும் ஜப்பான் கோச்!

கல்ச்சுரல்ஸோ, புராஜெக்ட்டோ, நீங்க டீம் லீடரா இருக்கும்போது ஒரு ஜூனியர் எழுந்து, “அண்ணா, இது வேணாம், இப்படிப் பண்ணலாம்”னு சொன்னா உடனே முறைக்காதீங்க. அந்தத் தைரியத்தை அவனுக்குக் கத்துக் கொடுத்ததே நீங்களா இருக்கலாம் பாஸ்!