மூட்டைக்குக் கணக்கு உண்டு, மாத்திரைக்கு இல்லை

மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் என்று கேட்டால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யாரும் சொல்லிவிடுவார்கள். கல்லணையிலிருந்து வெண்ணாற்றில் எவ்வளவு, காவிரியில் எவ்வளவு, எல்லாம் நமக்கு அத்துப்படி. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் வாங்கமாட்டார்கள். 22 வரை வாங்கச் சொல்லி மறியல் செய்திருக்கிறோம். ஆனால் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை எத்தனை நாளைக்கு இருப்பு இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நாம் என்று சொல்வது நிலம் வைத்திருப்பவர்களை, சம்பளம் வாங்குகிறவர்களை, இப்படி எழுதவும் படிக்கவும் நேரம் உள்ளவர்களை.

சாயங்காலம் மெடிக்கலில் நமக்கு முன்னால் நிற்கிறவர் நடவுக்குப் போய்விட்டு வந்த அம்மா. புடவைக் கரையில் இன்னும் சேறு காயவில்லை. “பிரஷருக்கு அஞ்சு நாளைக்குக் குடுங்க தம்பி.” கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டையை நறுக்குகிறார். காலாவதித் தேதி அச்சிட்ட மூலை கடையிலேயே தங்கிவிடுகிறது. அந்த ஐந்து மாத்திரை பத்து நாளைக்கு ஓடும், ஒருநாள் விட்டு ஒருநாள். பிரஷர் ஏறுவது வெளியே தெரிவதில்லை. கை கால் விழுந்த பிறகுதான் வீடு பதறும். பின்னால் நின்ற நாம் முழு அட்டையாக மூன்று வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினோம்.

இத்தனைக்கும் இந்த மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் போட்டுப் பிரித்துக் கொடுக்கிறது. ராஜஸ்தான் இதைப் பார்த்துத்தான் 2011இல் தன் இலவச மருந்துத் திட்டத்தை அமைத்தது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வருகிறது. பிறகு ஏன் அந்த அம்மா காசு கொடுத்து வாங்குகிறார்? ஓபி சீட்டு கொடுப்பது காலையில், நடவும் காலையில். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சரி. இழந்த நாளின் கூலியை யார் கொடுப்பது? வீடு தேடி வருகிறவர் வரும் நேரத்தில் அந்த அம்மா வயலில் குனிந்திருக்கிறார், பெரும்பாலும் நம் வயலில். “அரை நாள் விட்டுட்டுப் போனா பறிச்ச நாத்து வாடிடும்” என்று சொன்னதும் நாம்தான்.

இன்னொன்றும் செய்தோம். ‘கவர்மென்ட் மாத்திரை கேக்காது’ என்று ஊரெல்லாம் பரப்பினோம். நமக்குக் காய்ச்சல் என்றால் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் தனியார் கிளினிக். 1959இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரிக்குப் பெயர் சொல்ல மட்டும் பெருமை. பேசத் தெரிந்தவர்கள் அரசு மருத்துவமனை வரிசையை விட்டுப் போய்விட்டதால், ‘ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்குங்க’ என்கிற சொல்லுக்கு அங்கே எதிர்ப்பேச்சே எழவில்லை. 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்கள் ஆயிரம் திறந்தபோதும், விலை குறைந்தால் வீரியமும் குறையும் என்று நம் திண்ணையில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான், அட்டைமேல் பெயர்தான் வேறு என்பதை விசாரித்துத் தெரிந்துகொள்ளும் படிப்பு நம்மிடம் இருந்தும்.

நம் பேச்சை நம்பித் தனியாருக்குப் போனவர்களின் தோடு அடகுக்குப் போனது, இல்லையென்றால் குழுக்கடன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு; ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். டயாலிசிஸுக்கு உதவும், கடையில் வாங்கும் மாத்திரைக்கு உதவாது.

தஞ்சைப் பெருமை பேசும் மேடைகளில் சரபோஜி மன்னரை விடமாட்டோம். 1801இல் அவர் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களில் நோய்க்கும் விஷக்கடிக்கும் வைத்தியர்கள் இருந்ததைச் சொல்கிறார். வழிப்போக்கர் நோயில் விழுந்தால் மருந்தோடு பத்தியச் சாப்பாடும் உண்டு. கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தூர்வாரல், தெருவிளக்கு, நூறு நாள் வேலைப் பாக்கி எல்லாவற்றுக்கும் குரல் கொடுக்கிறோம். மருந்து இருப்பை வாரம் ஒருமுறை சுகாதார நிலைய வாசலில் எழுதிப்போடச் சொல்லி ஒரு தீர்மானம் கொண்டுவரலாம், கொண்டுவரவில்லை. நடவு ஆளுக்கு மாதத்தில் ஒரு காலை, கூலி பிடிக்காமல், சீட்டு வாங்கப் போய்வர விடலாம். அதற்குத் தீர்மானம்கூட வேண்டாம்.