வெட்டச் சொன்ன துண்டு

கொக்கிளாயில் நின்று எதையாவது ஒலிப்பதிவு செய்ய வேண்டுமென்றால் முதற் சண்டை காற்றோடுதான். சோளகம் எழும்பிவிட்டால் களப்புக்கரையில் யார் என்ன கதைத்தாலும் போனுக்குள் வெறும் இரைச்சல்தான் விழும். பிள்ளைகள் அதற்கொரு வழி கண்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற வெள்ளைக் காலுறையை, போனில் மைக் இருக்கிற பக்கமாக மாட்டி, றப்பர் வளையம் போட்டு இறுக்கிவிட்டார்கள். பயிற்சி கொடுக்க வந்த தம்பி முதலில் சிரித்தார். காதில் மாட்டிக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னொரு சோடி கிடக்கா?" என்றார்.

காலுறையைப் பற்றியே எழுதிக்கொண்டு போகலாம். போனால் நாங்கள் தப்பிவிடுவோம்.

நாங்கள் என்றால், ஊரில் கூட்டம் வைத்தால் முன்வரிசைக் கதிரைகளில் இருக்கிற ஏழெட்டுப் பேர். சங்கங்களில் இருந்தவர்கள், இருக்கிறவர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், கரைவலைச் சம்மாட்டி ஒருவர், மாதர் சங்கத்து அக்கா, நான். யாராவது வெளியிலிருந்து வந்தால் ஊரின் கதையைச் சொல்வது நாங்கள்தான். சொல்லிச் சொல்லி எங்களுக்கு அது மனப்பாடம். 1984 டிசம்பரில் இராணுவம் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய்ச் சனத்தை வெளியேற்றியதில் தொடங்கி, 1988இல் மணலாறு வெலிஓயா ஆனது, வயல்கள் மகாவலி 'எல்' வலயத்துக்குள் போனது, 2009க்குப் பிறகு திரும்பி வந்தால் முகத்துவாரத்தில் தெற்கத்தி வாடிகள் நின்றது, உழவு இயந்திரம் பூட்டிக் கரைவலை இழுப்பது வரை மூச்சு விடாமல் சொல்வோம். சொன்னது ஒன்றும் பொய்யில்லை. கேட்க ஆளில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதும் வழக்கம்.

கேட்பது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாமலில்லை. நாங்கள் வானொலியில் வளர்ந்த சனம். சின்ன வயதில் இலங்கை வானொலியின் 'இசையும் கதையும்' வருகிற நேரம் வாடியில் வலை பொத்துகிறவர்கள்கூட ஊசியை நிறுத்திவிடுவார்கள். யாரோ ஒரு நேயர் எழுதி அனுப்பிய கதை, இடையிடையே சினிமாப் பாட்டு, கடைசியில் எழுதியவரின் பெயரும் ஊரும். அந்த ஊர்ப் பெயருக்காகவே காத்திருப்போம். கொக்கிளாய் என்று ஒருநாளும் வந்ததாக நினைவில்லை. எங்களில் ஒருவரும் எழுதி அனுப்பவில்லை என்பதும் இப்போதுதான் உறைக்கிறது.

பிறகு இடம்பெயர்ந்து முள்ளியவளையில் இருந்த காலம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பற்றறியும் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயர் கொழுவி, பெடலைக் கையால் சுற்றித்தான் றேடியோ கேட்டோம். புலிகளின் குரல், வெரித்தாஸ், இரவில் பிபிசி தமிழோசை. சுற்றுவது என் முறை. கை ஓய்ந்தால் லண்டனும் ஓய்ந்துவிடும். செய்தி வாசிப்பவரின் குரல் இழுபட்டு, தேய்ந்து, காணாமல் போகும். "டேய் சுத்தடா, எத்தினை பேரெண்டு சொல்லப்போறான்" என்று அக்கா கத்துவா. தோள் கழன்றுபோகிற மாதிரி நோகும். ஆனாலும் ஒரு செய்தியறிக்கையைப் பாதியில் விட்டது கிடையாது.

அப்படிப்பட்ட நாங்கள், எங்கள் பிள்ளைகள் ஆளுக்கு நாலு நிமிடமாகச் செய்துகொண்டு வந்த பதினொரு கதையில் ஐந்தைத்தான் கேட்டோம்.

சில வருடங்களுக்கு முன், வெளியிலிருந்து வந்த ஒரு சிறு குழு பொதுநோக்கு மண்டபத்தில் மூன்று நாள் பயிற்சி நடத்தியது. பதினைந்து, பதினாறு வயதுப் பெடியளும் பெட்டையளும். எப்படிக் கேள்வி கேட்பது, பதிலுக்கிடையில் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது, எதை வெட்டி எதை ஒட்டுவது என்றெல்லாம் அந்தத் தம்பி சொல்லிக்கொடுத்தார். எனக்குப் புதிதாக இருந்தது ஒன்று: எந்த இடத்தில் பதிந்தாலும் கடைசியில் ஒரு நிமிடம் யாரும் கதைக்காமல் அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் பதிய வேண்டுமாம். வெட்டி ஒட்டும்போது இடையில் வைக்க அது தேவைப்படுமாம். வீட்டுக்கு வீடு அந்தச் சத்தம் வேறு என்றார். மூன்று நாளும் ஊருக்குள் எங்கு பார்த்தாலும், காலுறை போட்ட போனை நீட்டிக்கொண்டு ஒரு பிள்ளை, "ஒரு நிமிசம் ஒருத்தரும் கதையாதேங்கோ" என்று கெஞ்சிக்கொண்டு நிற்கும்.

அவர் ஒரு கதையும் சொன்னார். 1993இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில், வறிய கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலிருந்து பதின்மூன்று, பதினாலு வயதுச் சிறுவர்கள் இருவர், லீஆலன் ஜோன்ஸ், லாயிட் நியூமன், டேவிட் ஐசே என்ற தயாரிப்பாளர் கொடுத்த ஒலிப்பதிவுக் கருவியோடு தங்கள் தெருவைச் சுற்றி வந்தார்கள். அதிலிருந்து 'கெட்டோ லைஃப் 101' என்ற வானொலி ஆவணம் பிறந்தது. லாயிட் தன் குடிகாரத் தகப்பனிடமே மைக்கை நீட்டிக் கேள்வி கேட்டான். அது வானொலியில் போனது. இதைச் சொன்னபோது நாங்களும் பின்னால் நின்று தலையாட்டினோம். சிக்காகோவின் வெட்கம் எங்களுக்கு வலிக்கவில்லை.

மகாவலிக் கதையை நான்தான் எடுத்துவிட்டேன். 1981இல் யுனெஸ்கோவும் டென்மார்க்கும் உதவி செய்ய, மகாவலி சமூக வானொலி தொடங்கப்பட்டது. ஒலிபரப்புக் குழுக்கள் குடியேற்றக் கிராமங்களில் நாட்கணக்காகத் தங்கி, சனத்தின் வாயாலேயே கதையும் பாட்டும் முறைப்பாடும் பதிந்து ஒலிபரப்பின. சமூக வானொலிக்கு உதாரணமாகப் பலர் எடுத்துப் பேசிய வேலை அது. அதே மகாவலியின் பெயர் எங்கள் பக்கம் காணி பிடிக்கிற வலயமாகத்தான் வந்தது. "அங்க மைக், இங்க எல்லைக்கல்லு" என்று நான் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நல்ல வசனம் என்று எனக்கும் ஒரு பெருமை. எங்களுக்கு யார் மைக் தந்தது என்று இத்தனை காலம் கேட்டோமே, இந்தா மைக், காலுறையும் போட்டு வந்திருக்கிறது என்று அப்போது யாராவது என் வாயை அடைத்திருக்கலாம்.

நாலாம் நாள் பின்னேரம் கேட்கிற கூட்டம். தேத்தண்ணி, பணிஸ். முதலாவது பூநாரைக் கதை. களப்பில் பூநாரை இறங்குகிற சத்தத்தை ஒரு பெடியன் விடியப்புறம் போய்ப் படுத்திருந்து பிடித்திருந்தான். எங்கள் எல்லோருக்கும் நல்லாய்ப் பிடித்தது. பிடிக்காமல் என்ன? கொக்கிளாய்க் களப்பு 1951இலேயே பறவைகள் சரணாலயம். பூநாரைக்குக் காணி உறுதியும் தேவையில்லை, கடனும் கிடையாது, அதைப் பற்றி யாரும் கோபிக்கப்போவதுமில்லை.

மூன்றாவதாக வந்தது முகத்துவாரத்துக் கதை. கொஞ்சம் சிங்களம் தெரிந்த பெடியன் ஒருவன் தெற்கத்தி வாடிக்குப் போய் ஒரு வயதாளியோடு கதைத்திருக்கிறான். அந்த மனுசன் 1984 டிசம்பர் முதலாம் திகதியைப் பற்றிச் சொன்னார். அன்றைக்குப் புலிகளின் தாக்குதலில் கொக்கிளாயிலும் நாயாற்றிலும் சிங்களக் கடற்றொழிலாளர் கொல்லப்பட்டார்கள். பெடியன் எங்கள் பக்கத்து அம்மம்மா ஒருவரிடமும் அதே மாதம் என்ன நடந்தது என்று கேட்டு, இரண்டு குரலையும் மாறி மாறி வைத்திருந்தான். வேறொன்றும் செய்யவில்லை. சொந்தக் கருத்தென்று ஒரு வசனம்கூட இல்லை.

"இது எங்கட கதையில்லைத் தம்பி" என்றார் எங்களில் ஒருவர். மற்றவர்கள் ஆமென்றோம். டிசம்பரை நாங்கள் வெளியேறிய நாளிலிருந்துதான் எண்ணிப் பழகியிருந்தோம். அதற்கு முதல் கிழமையும் அதே மாதத்துக்குள்தான் வருகிறது என்று பதினாறு வயதுப் பெடியன் காட்டினான். நாங்கள் அவனுக்கு வரலாறு தெரியாது என்றோம்.

ஐந்தாவது ஒரு பெட்டைப்பிள்ளையின் கதை. தாய் களப்பில் இறால் பொறுக்குகிறவர். தகப்பன் இல்லை. நுண்கடன் கம்பனிக்காரர் கிழமைக்குக் கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து தவணை கேட்கிற காலம் அது. வன்னி முழுக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு 'லோன் நாள்' இருந்தது. பிள்ளை, தாய் விடிய எழும்பி இறால் கொண்டு போவதில் தொடங்கி, யாவாரி விலை குறைப்பது, சில்லறை எண்ணுவது, எண்ணியது காணாமல் திரும்ப எண்ணுவது என்று கொண்டு வந்து, லோன் நாளில் நிறுத்தியிருந்தாள். தூரத்தில் பைக் சத்தம் கேட்கிறது. தாய் குசினிப் பக்கம் ஒதுங்குகிறார். பிறகு வருவதைத்தான் நாங்கள் வெட்டச் சொன்னோம்.

"நல்லாச் செய்திருக்கிறாய் பிள்ளை. ஆனா அந்த லோன் கதை வேண்டாம்."

"ஏன் மாமா?"

"ஊருக்கு வெக்கம். றேடியோவில போனா முல்லைத்தீவு முழுக்கக் கேக்குமெல்லே?"

"முல்லைத்தீவு முழுக்கத்தானே மாமா அந்த பைக் போகுது?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. தாய் கடைசி வாங்கில் இருந்தார், தலை குனிந்திருந்தது. அவருக்கும் வெட்கம், நாங்கள் சொன்னதுதான் சரி என்று எடுத்துக்கொண்டோம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உள்ளதைப் பதி பிள்ளை" என்று சொன்னதே அவர்தான் என்று வெகு காலத்துக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு அந்தப் பிள்ளை அங்கேயே இருந்து வெட்டிக் கொடுத்தாள். நாலு நிமிடம் இரண்டரை ஆனது. இறால் பிடிக்கிற தாயைப் பற்றிய நல்ல, சோலி இல்லாத கதை. கைதட்டினோம். மிச்சம் ஆறையும் இன்னொரு நாள் கேட்போம் என்று சொல்லி, சான்றிதழ் கொடுத்து, படம் எடுத்து, கலைந்தோம்.

எல்லாக் கதையையும் ஒரு பென்ட்ரைவில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி குறிப்பு எழுதி வானொலிக்கு அனுப்புவது என் பொறுப்பு. கூட்டத்தில் நானே கை உயர்த்தி எடுத்தது. பென்ட்ரைவ் என் அலுமாரியில் காணி உறுதிப் பிரதிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. முதலில் குறிப்பு எழுத நேரமில்லை, பிறகு மழைக்காலம், பிறகு தேர்தல். ஒரு நாள் மகன் அதை எடுத்து அழித்துவிட்டுச் சினிமாப் படம் ஏற்றியிருந்தான். அவனை ஏசினேன். அவன், "அதில என்னப்பா இருந்தது?" என்று கேட்டான். பூநாரை ஒன்றைத் தவிர வேறொன்றையும் எனக்கு உடனே சொல்ல வரவில்லை. மண்டபத்துக் கணினியில் இன்னொரு பிரதி இருந்தது. கூரை ஒழுகி அதுவும் போய்விட்டது.

வானொலிக்குப் போகாதது முழுக்க எங்கள் பிழை என்று சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் சமூக வானொலி என்று பெயர் பெற்றவை, 1989இல் தொடங்கிய கொத்மலை உட்பட, அரச கூட்டுத்தாபனத்தின் மடிக்குள்ளேயே இருந்தன. கடலுக்கு அந்தப் பக்கம் பாம்பனில் 2016இலிருந்து 'கடல் ஓசை 90.4' என்று கடற்றொழிலாளருக்கான சமூக வானொலியே ஓடுகிறது. காற்று நிலவரமும் மீன் கதையும் அவர்கள் பேச்சிலேயே போகிறது. (அந்தக் கரையின் இழுவைப் படகுகளோடு எங்களுக்குள்ள வழக்கு வேறு, அதை இதற்குள் கொண்டுவரவில்லை.) ஆனால் கோயில் திருவிழாவுக்கு மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற ஊர் இது. பத்து நாளும் விடியவிடியப் பாட்டுப் போட்டோம். அதில் நாளுக்கு ஒரு கதையென்று நாலு நிமிடம் போட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பூநாரையைத்தான் போட்டிருப்போம்.

2023 ஜூன் கடைசியில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் தாழ்க்க வெட்டிய இடத்தில் எலும்புகள் வந்தன. அடுத்த வருடம் ஜூலை வரைக்குமான அகழ்வில் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கமரா வந்தது. பழைய பயிற்சிப் பிள்ளைகளில் இரண்டு பேர், இப்போது வளர்ந்த ஆட்கள், போனோடு போய் நாடாவுக்கு இப்பால் நின்றார்கள். நாங்கள்தான் ஆளனுப்பி வீட்டுக்குக் கூப்பிட்டோம். அந்தப் பயத்துக்காக எங்களை நான் பெரிதாகக் குறை சொல்லப்போவதில்லை; அது அனுபவித்து வந்த பயம். ஆனால் அன்று இரவு, வந்தவர்கள் என்ன பதிந்தார்கள், யாரோடு கதைத்தார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் பிள்ளைகள் என்ன கண்டார்கள் என்று அவர்களிடம் கேட்கவில்லை. திண்ணையில் பக்கத்தில்தான் இருந்தார்கள்.

போன மாதம்தான் நான் ஒவ்வொருவராகத் தேடத் தொடங்கினேன். முகத்துவாரக் கதைக்காரன் கட்டாரில். "எந்தக் கதை ஐயா?" என்று கேட்டான், தெரிந்துகொண்டே கேட்டான் என்று நினைக்கிறேன். பூநாரைக்காரன் போன் மாற்றிவிட்டான். அந்தப் பிள்ளை ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். முழுக் கதையும் தன்னிடமும் இல்லை என்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "மாமா, நீங்கள் வெட்டச் சொன்ன துண்டு மட்டும் கிடக்கு. எறிய மனமில்லாமல் தனியாச் சேவ் பண்ணி வைச்சனான்" என்றாள். இரவு வட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஒன்றரை நிமிடம்.

அடுத்த நாள் வாசிகசாலை விறாந்தையில் எங்களில் ஐந்து பேர் இருந்தோம். போனை நடுவில் வாங்கில் வைத்தேன். பைக் வந்து நிற்கிறது. தாயின் குரல் கிசுகிசுப்பாக: "அம்மா இல்லையெண்டு சொல்லு." ஒரு சின்னப் பெடியனின் குரல், தம்பியாக இருக்க வேண்டும், வெளியே போய்ச் சத்தமாகச் சொல்கிறது: "அம்மா இல்லையெண்டு சொல்லட்டாம்." யாரோ சிரிப்பை அடக்குகிற மாதிரி, அல்லது அழுகையை. அதற்குப் பிறகு பேச்சில்லை. பயிற்சியில் சொன்னபடி ஒரு நிமிடம் அப்படியே விட்டிருக்கிறாள். கோழி ஒன்று கொக்கரிக்கிறது. கிடுகு காற்றில் அடிபடுகிறது. எங்களில் ஒருவர் முடிந்துவிட்டது என்று நினைத்துப் போனை எடுக்கக் கை நீட்டினார். "பொறுங்கோ அண்ணை" என்றேன். பைக் இன்னும் போகவில்லை.