மேகத்திற்கு மேலே ஒரு கடை

கோடையில் மட்டும் கொடைக்கானல் சென்று மீள்வோரைக் கேளுங்கள். அங்கே குறையொன்றும் இல்லை என்பார்கள். ஏரியைச் சுற்றுவர், தூண்பாறை எதிரே நின்று படம் எடுப்பர், எடுத்த படத்தை அந்தக் கணமே சிங்கப்பூருக்கு அனுப்பி மகிழ்வர். 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி அவர்தம் கார்களுக்கு இ-பாஸ் வேண்டும். அதையும் இணையத்திலேதான் பெறுகின்றனர். நல்லது!

நகரைத் தாண்டி மன்னவனூர், பூண்டி, கிளாவரை எனக் கிடக்கும் மேல்மலைப் பக்கம் சென்று பாருங்கள். வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் பழைய ஒற்றையடிப் பாதையில் நடந்து பாருங்கள். கைப்பேசி கையில் இருக்கும். வளைவுக்கு வளைவு ஊமையாகும். கோபுரத்தின் அலை நேர்கோட்டில் செல்வது. முகடு குறுக்கிட்டால் மறுபுறம் இருள். கம்பி இழுக்கலாமென்றால், இடையே 2013-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு.

ஆகவே, "வானத்திலிருந்து வழங்குகிறோம்" என்று வருகின்றன கம்பெனிகள். ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் மத்திய அரசு உரிமம் தந்தது. ஒன்வெப்பும் ஜியோவும் முன்பே பெற்றவை. 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள பழைய வகைக் கோள் வழியே கேள்வி போய் விடை வர அரை நொடி ஆகும். ஸ்டார்லிங்கின் கோள்களோ ஏறத்தாழ 550 கிலோமீட்டரிலேயே சுற்றுகின்றன. விஞ்ஞானத்தை வெறுப்பவர்கள் அல்லர் நாம். 1901 முதல் கதிரவனைக் கண்காணித்துவரும் ஆய்வுக்கூடம் அமைந்த மலை அது. விண்ணை நோக்குவது அதற்குப் புதிதன்று.

நாம் கேட்பது ஒன்றே: அந்த அலைவாங்கித் தட்டு எவர் கூரையில் ஏறும்?

2019-இல் புவிசார் குறியீடு பெற்றது கொடைக்கானல் மலைப்பூண்டு. அதை விளைவிக்கும் உழவர், மூட்டை வடுகபட்டிச் சந்தையில் இறங்கிய பிறகே விலையறிகிறார். வெளிநாடுகளில் சில நூறு டாலருக்கு விற்ற தட்டை அவரா வாங்குவார்? விடுதி முதலாளி வாங்குவார்! "மலைக்கும் இணையம் வந்துவிட்டது" என்று கணக்கெழுதுவார்கள். அந்தக் கணக்கில் வெள்ளகவி இராது.

சந்தை பார்த்துக்கொள்ளும் என்போருக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே விடை தந்திருக்கிறது. நகரச் சந்தாதாரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதல் கட்டணம், சிற்றூருக்கு இல்லை என்று 2025 மேயில் பரிந்துரைத்த அதே ஆணையம், சேவையில்லாப் பகுதி மக்களுக்குத் தட்டு வாங்க அரசு மானியம் தரலாம் என்றும் சொல்லிற்று. சலுகையால் மட்டும் கம்பெனி மலையேறாது என்பது அதற்கும் தெரிந்தேயிருக்கிறது.

பணமில்லையா? 2002 முதல் தொலைபேசிக் கம்பெனிகளின் வருவாயில் 5 விழுக்காடு இதற்கென்றே பிடிக்கப்படுகிறது. அனைவர்க்கும் சேவை நிதி என்று இருந்த பெயர், 2023-இன் சட்டத்தால் டிஜிட்டல் பாரத் நிதி ஆயிற்று. பெயர் மாறிற்று, பல்லாயிரம் கோடி செலவாகாமல் கிடந்த கதை மாறிற்றா? கம்பெனி கட்டும் அந்தப் பணம் நம் கட்டணத்திலிருந்து வருவதுதானே! மேட்டில் ஏறி நின்று பேசுகிற மலைவாழ் மனிதரும் அதில் பங்கு செலுத்துகிறார்.

கொடுக்க மறந்தவர்கள் கேட்க மறக்கவில்லை. 2020-இல் நியாயவிலைக் கடைக்குக் கைரேகை வந்தது. 2023 சனவரி முதல் நூறுநாள் வேலையின் வருகைப்பதிவு கைப்பேசிச் செயலியில் கட்டாயமாயிற்று. அலை இல்லாத ஊரில் அலையைக் காட்டினால்தான் அரிசி, அலையைக் காட்டினால்தான் கூலி!

வழி தெரியாதா இவர்களுக்கு? 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, அமெரிக்கக் கோளை இரவல் வாங்கி, 2,400 சிற்றூர்களில் பொது இடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்து ஊரே பார்க்கச் செய்தது இந்திய அரசு. (அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை, அது வேறு கதை.) ஊருக்கு ஒரு பெட்டி அன்று இயன்றது, ஊருக்கு ஒரு தட்டு இன்று இயலாதா?

மேல்மலைத் தோழர்களே! அடுத்த கிராமசபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். பள்ளிக்கூடம், நியாயவிலைக் கடை, துணைச் சுகாதார நிலையம் மூன்றிலும் பொதுத் தட்டு. செலவு அந்த நிதியிலிருந்து. தட்டோடு சூரிய மின்பலகையும் மின்கலமும் சேர்த்தே கேளுங்கள். காற்றில் ஒரு மரம் சாய்ந்தால் மின்சாரம் எத்தனை நாள் கழித்து வருமென்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?