மேகத்தில் கிடங்கு! பாடம் எங்கே?

"வேலை உறுதி! சம்பளம் உறுதி! ஆறே திங்களில் அயல்நாட்டு நிறுவனம் உங்களை அழைக்கும்!"

விளம்பரங்கள் இப்படி முழங்குகின்றன. கைபேசியைத் திறந்தால் ஒன்று, தெருமுனைச் சுவரைப் பார்த்தால் இன்னொன்று. படிப்பின் பெயர் என்ன? மேகத் தரவுக் கிடங்கு. கட்டணம் என்ன? பல்லாயிரம்! சில இடங்களில் இலட்சத்தையும் தொடுகிறது. பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் பிள்ளைக்காகப் பாட்டாளித் தந்தை வைப்புநிதியில் கை வைக்கிறார். தாய் காதில் கிடப்பதைக் கழற்றுகிறாள். கொடுக்கலாமா, கூடாதா? இதுதான் கேள்வி.

விடை சொல்லுமுன், பொருளை அறிவோம். ஆலையில் நாள்தோறும் கணக்கெழுதுகிறார்கள்: சரக்கு வந்தது, சரக்கு போனது, கூலி கொடுத்தது. அது அன்றாட ஏடு. "சென்ற ஐந்தாண்டில் எந்தத் திங்களில் எந்தச் சரக்கு மிகுதியாக விற்றது? எந்த ஊரில் விற்பனை சரிந்தது?" என்று கேட்டால், அன்றாட ஏட்டைப் புரட்டி விடை கூற இயலுமா? ஆகவே எல்லா ஏடுகளிலிருந்தும் கணக்கைத் திரட்டி, தூசு தட்டி, ஒரே அளவைக்குக் கொண்டுவந்து, ஓரிடத்தில் அடுக்கி வைக்கிறார்கள். அதுவே தரவுக் கிடங்கு. அதனைக் கட்டும் முறைபற்றி அமெரிக்கரான பில் இன்மன் 1992-ல் நூல் வெளியிட்டார். ரால்ஃப் கிம்பால் 1996-ல் வேறொரு முறையை வகுத்துத் தந்தார். முப்பதாண்டைத் தாண்டிய கலை இது!

புதியது எது? மேகம்! அண்ணாந்து பார்க்க வேண்டாம், தோழர்களே! மேகம் என்பது பிறர் கட்டிடத்தில் இருக்கும் கணிப்பொறியை வாடகைக்கு எடுப்பது, அவ்வளவுதான். மைக்ரோசாஃப்டின் மேகக் கூடங்களில் ஒன்று 2015 முதல் நம் சென்னையிலேயே இருக்கிறது. கூகுள் தன் பிக்குவெரியை 2010-ல் அறிவித்தது. அமேசானின் ரெட்ஷிஃப்ட் 2013-ல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. 2012-ல் மூவர் தொடங்கிய ஸ்னோஃப்ளேக் 2020-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. கோடி கொட்டிக் கணிப்பொறி வாங்க இயலாத சிறு நிறுவனமும் இன்று கிடங்கை வாடகைக்குப் பிடிக்கிறது. கட்டுவதற்கு ஆள் தேவை. அந்தத் தேவை மெய். மெய்யின் நிழலில்தானே பொய் குடியேறும்?

குடியேறிய கதை ஒன்று கேளுங்கள். அமெரிக்காவில் லாம்டா ஸ்கூல் என்றொரு இணையப் பள்ளி 2017-ல் தோன்றியது. பின்னர் புளூம் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி என்று பெயர் மாற்றிக் கொண்டது. "இப்போது பணம் வேண்டாம், வேலை கிடைத்தபின் வருமானத்தில் பங்கு கொடு" என்றது. ஆகா, எத்தனை தாராளம்! நூற்றுக்கு 71 முதல் 86 பேர் வரை வேலை பெற்றதாகவும் விளம்பரம் செய்தது. 2024 ஏப்ரலில் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு திரையைக் கிழித்தது. பள்ளியின் உள்கணக்கில் வேலை பெற்றோர் நூற்றுக்கு ஐம்பதை ஒட்டியே இருந்தனர். சில நேரம் முப்பதுவரை இறங்கினர். 'பங்கு' என்று சொன்னதும் உண்மையில் கடனே என்றது அமைப்பு. அந்தப் பள்ளி மாணவர்க்குக் கடன் கொடுப்பதற்கே நிரந்தரத் தடை விதித்தது.

செல்வச் செழிப்புள்ள நாட்டிலேயே இந்தக் கூத்து என்றால், இங்கே எச்சரிக்கை எத்தனை மடங்கு வேண்டும்? பயிற்சி நிலையங்கள் வேலை உறுதி என்று பொய் விளம்பரம் செய்யக்கூடாது என, 2024 நவம்பர் 13-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை வகுத்திருக்கிறது. ஏமாந்தோர் 1915 என்ற எண்ணில் முறையிடலாம். ஆனால் முறையிடும் நிலைக்கு வருவானேன்?

இலவசமாக என்ன கிடைக்கிறது? எண்ணிப் பார்ப்போம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் 2003-ல் தொடங்கிய என்.பி.டெல். பாடங்களைக் காசின்றிக் கேட்கலாம். தரவுத்தளம் பற்றிக் கரக்பூர்ப் பேராசிரியர் பார்த்த பிரதிம் தாஸ் நடத்திய தொடர் அங்கே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் லேர்ன், அமேசானின் ஸ்கில் பில்டர், ஸ்னோஃப்ளேக்கின் செய்முறை வகுப்பு ஆகியவற்றில் கட்டணமில்லாப் பாடங்கள் உண்டு. டேட்டாடாக்ஸ் கிளப் எனும் குழு, தரவுப் பொறியியலை வீட்டுப்பாடத்தோடு இலவசமாகவே நடத்துகிறது. பழகிப் பார்க்கக் கிடங்கு? பிக்குவெரியில் பண அட்டை எண் கொடாமலே திங்களுக்கு ஒரு டெராபைட் வரை கேள்வி கேட்கலாம்; பத்து ஜிகாபைட் சேர்த்து வைக்கலாம். இதைத்தான் தரகர் சிலர் பொட்டலம் கட்டி, நம்மிடமே விற்கின்றனர்!

அப்படியானால் எல்லாரும் கற்றுத் தேர்ந்துவிட்டார்களா? இல்லை! அதையும் மறைக்காமல் பார்ப்போம். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் இணையவழி நடத்திய பாடங்களை ஆராய்ந்து 2019-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. 2017-18-ல் நூறு பேர் சேர்ந்தால் முடித்தவர் ஏறத்தாழ மூவர்! சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களிலோ, முடித்தவர் பாதியை நெருங்கினர். பாடம் ஒன்றே; ஆசிரியரும் அவரே. பணம் கட்டியவர் மிகுதியாக முடித்ததேன்? முடிக்கும் உறுதியோடு வந்தவரே பணம் கட்டியிருக்கலாம். கட்டிய பணம் கையைப் பிடித்து இழுத்தும் இருக்கலாம். எப்படியாயினும், பணம் வாங்கித் தந்தது அறிவை அல்ல, கட்டுப்பாட்டை!

கட்டுப்பாட்டுக்கு இலட்சம் ரூபாயா? நால்வர் சேர்ந்து, வாரம் இருமுறை, ஊர்ப் படிப்பகத்தில் உட்கார்ந்தால் அது வராதா? ஒருவன் எழுதியதை இன்னொருவன் திருத்தட்டும். வராதவனை வீட்டுக்கே போய் அழைத்து வரட்டும்.

எதை முதலில் படிப்பது? அடித்தளமின்றி மாடி கட்டாதீர்கள். எஸ்.கியூ.எல். முதற்படி. எட்கர் காட் 1970-ல் வகுத்த கோட்பாட்டின்மீது எழுந்த வினவல் மொழி அது. இன்றும் எல்லாக் கிடங்குக்கும் அதுவே சாவி. அடுத்தது அமைப்பு முறை. நடுவே விற்பனைக் கணக்கு. சுற்றிலும் நாள், ஊர், சரக்கு, வாங்கியவர் எனும் அட்டவணைகள். ஒரு வரி எதைக் குறிக்கிறது என்று முதலில் முடிவு செய்யச் சொல்கிறார் கிம்பால். அந்த முடிவு தவறினால் மேலே கட்டுவதெல்லாம் கோணல். மூன்றாவது, பல இடத்துக் கணக்கைக் கொண்டுவந்து தூய்மை செய்வது. ரெட்ஷிஃப்டா, ஸ்னோஃப்ளேக்கா என்பது அதற்குப் பிறகு. ஒன்றை ஒழுங்காகக் கற்றவனுக்கு மற்றது சில கிழமை வேலை.

நான்காவது பாடம் ஒன்றுண்டு: வாடகைக் கணக்கு! அடுக்கி வைக்க ஒரு வாடகை. கேள்வி கேட்க ஒரு கூலி. பிக்குவெரியின் வழக்கமான கட்டண முறையில், எவ்வளவு தரவைப் படித்தது என்று பார்த்தே கூலி. "பத்து வரி காட்டினால் போதும்" என்றாலும் பெரும்பாலும் கூலி குறையாது. வேண்டிய பத்தியை மட்டும் கேட்டால் குறையும். ஸ்னோஃப்ளேக்கில் பொறி எழுந்தாலே குறைந்தது 60 வினாடிக் கூலி; தானே அணையும் ஏற்பாட்டை நீக்கிவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். இதைச் சொல்லித் தராத பயிற்சி, பயிற்சியே ஆகாது.

பாடங்களில் மிகப் பல ஆங்கிலத்தில் உள்ளன என்பது உண்மை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது மதில்தான். ஆனால் எஸ்.கியூ.எல்.லில் அடிக்கடி வரும் சொற்கள் சில பத்துக்குள் அடங்கும். கருத்தைத் தமிழில் பேசிப் புரிந்துகொண்டு, கட்டளையை ஆங்கிலத்தில் எழுதலாம். கற்றவர் நம் மொழியில் பாடம் எழுதி வைத்தால், பின்னால் வருவோருக்கு மதில் வாசலாகும்.

பணம் கொடுத்தே படிப்பதென்றால், கொடுக்குமுன் நான்கு கேளுங்கள். என் வேலையைத் திருத்தித் தரும் ஆசிரியர் யார்? முன்பு படித்தவர் கட்டிய கிடங்கைக் காட்ட முடியுமா? விலகினால் பணம் திரும்பும் என எழுத்தில் தருவீர்களா? மொத்தமாக அன்றி, திங்கள் தோறும் கட்டலாமா? நேர்மையாளர் நான்குக்கும் விடை தருவார். மழுப்புகிறவரிடம் வணக்கம் கூறி எழுந்து வாருங்கள்.

தாயின் காதில் கிடப்பது காதிலேயே இருக்கட்டும். முதல் மூன்று திங்கள் இலவசப் பாடத்தில் உழைக்கட்டும் பிள்ளை. அதற்குள் சிறு கிடங்கொன்றைத் தானே கட்டிக் காட்டட்டும். அதன்பிறகும் ஆசிரியர் தேவையெனில், எதற்குப் பணம் தருகிறோம் என்று தெரிந்து தருவோம். தெரியாமல் தருவது கட்டணமல்ல, காணிக்கை!