நாத்தம் போகாத மெத்தைக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்?



எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், புது வரித் திட்டம்னு பேசுற இடத்துல இன்னைக்கு மெத்தை நாத்தத்தைப் பத்தி எழுதப்போறேன். சிரிக்காதீங்க. ஒரே ஒரு மெத்தையில நான் 8,600 ரூபாய் விட்டிருக்கேன். ஆடிட்டர்னு போர்டு மாட்டிக்கிட்டு ஊருக்கே கணக்குச் சொல்ற ஆள், சொந்த வீட்டுல கோட்டை விட்ட கதை இது.

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. மதுரைக்காரங்களுக்கு அந்த நாள் மறக்காது. அன்னைக்குக் கொட்டின மழையில செல்லூர் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி கால்வாயும் சேர்ந்து தெருவுக்குள்ள வந்துடுச்சு. நாங்க இருந்தது செல்லூர்ல தாழ்வான ஒரு தெருவுல, தரைத்தள வாடகை வீடு. தண்ணி வாசப்படி ஏறுறதைப் பார்த்ததும் நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் சோஃபாவைத் தூக்கி செங்கல் மேல வெச்சோம். ஃபிரிட்ஜைக் காப்பாத்தினோம். உள் ரூம்ல தரையிலேயே போட்டிருந்த ஃபோம் மெத்தை ஞாபகமே வரலை. ராத்திரி பூரா அது சாக்கடைத் தண்ணியைக் குடிச்சிருக்கு. காலையில நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத கனம்.

"தூக்கிப் போட்டுருவோங்க" என்றாள் மனைவி.

"பதினாறாயிரம் குடுத்து வாங்கினது. காய வெச்சா சரியாயிடும்" என்றேன் நான். தப்பு பண்ணினது அந்த இடத்துலதான்.

அப்புறம் நடந்த செலவைப் பாருங்க:

வீட்டுக்கே வந்து மெத்தை சுத்தம் பண்றவங்களுக்கு முதல் தடவை 1,800 ரூபாய்.

நாத்தம் போக்குற ஸ்பிரே, என்சைம் திரவம், மேலே போடுற புது உறை, எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய்.

டிசம்பர் ஈரத்துல நாத்தம் திரும்பி வந்ததும், இரண்டாவது தடவை சுத்தம் பண்ண 1,500 ரூபாய்.

நாலு வயசுப் பொண்ணுக்கு ராத்திரியில இளைப்பு. டாக்டர், மருந்து, நெபுலைசர்னு 3,100 ரூபாய்.

மொத்தம் 8,600. டாக்டர் கேட்ட ரெண்டாவது கேள்வியே, "வீட்டுல எங்கேயாவது பூஞ்சை வாசனை அடிக்குதா?" என்பதுதான். எனக்கு அடிக்கலை. தினமும் அதுலயே படுக்கிறவன் மூக்கு பழகிடும். ஊர்லேருந்து வந்த எங்க அத்தை ரூமுக்குள்ள கால் வெச்சதும் சேலைத் தலைப்பால மூக்கைப் பொத்தினாங்க. பொங்கலுக்கு முன்னாடி மெத்தை வெளியே போச்சு. புதுசு 13,000 ரூபாய். அக்டோபர்லயே வாங்கியிருந்தா 13,000-தான். நான் குடுத்தது 21,600. குழந்தை மூச்சுத் திணறின ராத்திரிகளை எந்தக் கணக்குல எழுதுறது?

மூழ்கின செலவு

சிஏ படிக்கும்போது 'சங்க் காஸ்ட்'னு ஒண்ணு சொல்லிக் குடுப்பாங்க. தமிழ்ல 'மூழ்கிய செலவு'. குடுத்த பணம் குடுத்ததுதான், திரும்ப வராது. அதனால இனிமே எடுக்குற முடிவுல அதைச் சேர்க்கவே கூடாது. நான் அதைப் பரீட்சையில எழுதி மார்க் வாங்கினேன். மெத்தை நிஜமாவே மூழ்கினப்போ மறந்துட்டேன்.

என் கருத்து இதுதான்: கறையோ நாத்தமோ, அந்தப் பொருளை எவ்வளவு குடுத்து வாங்கினோம்னு பார்த்து முடிவெடுக்காதீங்க. உள்ளே போனது என்ன, எவ்வளவு ஆழம் போச்சு, எவ்வளவு நேரம் இருந்துச்சு, இந்த மூணைப் பார்த்து முடிவெடுங்க.

மேலோட்டமான கறை: இருபது ரூபாய் வேலை

காப்பி, குழம்பு, குழந்தை கக்கின பால், இதெல்லாம் முதல் பத்து நிமிஷத்துல கவனிச்சா செலவே கிடையாது. ஒரு பழைய பருத்தித் துண்டை வெச்சு ஒத்தி எடுங்க. தேய்க்காதீங்க, தேய்ச்சா கறை அகலமாகும், உள்ளேயும் இறங்கும். ரத்தம், பால், முட்டைக்குப் பச்சைத் தண்ணிதான். வெந்நீர் ஊத்தினா அதுல இருக்குற புரதம் வெந்து துணியோட ஒட்டிக்கும். எண்ணெய் சிந்தினா உடனே முகப் பவுடரையோ சோள மாவையோ தூவி, உறிஞ்சினதும் தட்டி எடுங்க. மஞ்சள் கறையில சோப்பு போட்டதும் சிவப்பாகிப் பயமுறுத்தும். அது காரத்தோட குணம், பயப்படாதீங்க. அலசிட்டு வெயில்ல போடுங்க. மஞ்சளோட நிறம் வெளிச்சம் தாங்காது. மதுரை வெயிலுக்கு ஜிஎஸ்டி கிடையாது, தாராளமா பயன்படுத்துங்க.

சோஃபாவா இருந்தா, அடியில லேபிள் இருக்கான்னு முதல்ல பாருங்க. டபிள்யூ என்று இருந்தா தண்ணி சார்ந்த கிளீனர் போடலாம். எஸ் என்று இருந்தா டிரை கிளீனிங் திரவம் மட்டும். எக்ஸ் என்றால் வேக்குவம் மட்டும்தான். இதைப் பார்க்காம சோப்புத் தண்ணி ஊத்தி, கறையை விடப் பெரிய வட்டத்தை உருவாக்கினவங்க நிறைய பேர்.

உள்ளே இறங்கின நாத்தம்: வருஷக் கணக்கு போடுங்க

குழந்தையோ பூனையோ மூத்திரம் போன மெத்தை, வேர்வை ஊறின சோஃபா, இதுக்கு ரூம் ஸ்பிரேயும் சாம்பிராணியும் போட்டா நாத்தத்து மேல இன்னொரு வாசனை, அவ்வளவுதான். லேசான வாடைக்கு ஆப்ப சோடாவைத் தூவி ராத்திரி பூரா விட்டு, காலையில வேக்குவம் பண்ணினாலே போதும். மூத்திரத்துக்கு என்சைம் கிளீனர். அதுல இருக்குற யூரிக் அமிலம் வெறும் தண்ணிக்குச் சரியா கரையாது. அதனாலதான் காஞ்சதும் போன நாத்தம், மழைக்காலத்துல திரும்பி வருது. பாட்டில்ல போட்டிருக்குற நேரம் வரைக்கும் ஈரமா விட்டுட்டு, அப்புறம் நல்லா காய வைங்க.

ஒரு எச்சரிக்கை: பிளீச்சோட வினிகரையோ அம்மோனியா உள்ள கிளீனரையோ கலக்காதீங்க, மூத்திரக் கறை மேல நேரா ஊத்தவும் செய்யாதீங்க. கிளம்புற வாயு நுரையீரலைப் பாதிக்கும்.

ஆள் வெச்சு சுத்தம் பண்ணலாமா? இங்கேதான் கணக்கு வரும். இன்னைக்கு அதே மாதிரி புது மெத்தை 12,000 ரூபாய், எட்டு வருஷம் வரும்னு வெச்சுக்குவோம். அப்போ வருஷத்துக்கு 1,500. சுத்தம் பண்ண 1,500 கேக்குறாங்க, அதனால இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்னா, வருஷத்துக்கு 750. தாராளமா பண்ணுங்க. ஆறு மாசம்தான் தாங்கும்னா அது வருஷத்துக்கு 3,000 ரூபாய் மாதிரி. வேண்டாம். பழைய பில்லுல என்ன விலை இருந்துச்சுங்குறது இந்தக் கணக்குல எங்கேயும் வரலை, கவனிச்சீங்களா?

எங்க சோஃபாவுக்கு அடித்துணி மட்டும்தான் நனைஞ்சுச்சு. அதைக் கிழிச்சுப் போட்டு, கட்டையைத் துடைச்சு, ரெண்டு நாள் வெயில் காட்டினோம். இன்னைக்கும் அதுலதான் உக்காந்து இதை எழுதுறேன்.

சாக்கடைத் தண்ணி: யோசிக்காதீங்க

வெள்ளத்துல சாக்கடை கலந்த தண்ணி ஃபோம் மெத்தைக்குள்ளேயோ கார்ப்பெட்டுக்குள்ளேயோ இறங்கிட்டா, அது முடிஞ்சுது. மேல் துணியைச் சுத்தம் பண்ணலாம், உள்ளே இருக்குற ஃபோமை முடியாது. நல்ல தண்ணியாவே இருந்தாலும் 48 மணி நேரத்துக்குள்ள முழுசா காயலைன்னா பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சுடும். கையுறை போட்டுத் தூக்குங்க. வெள்ளத் தண்ணியில எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. போகியில எரிக்கலாம்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். ஃபோம் புகை விஷம், தயவுசெஞ்சு எரிக்காதீங்க. மாநகராட்சி ஆட்கள்கிட்ட சொல்லி எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.

தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. 2021 ஏப்ரல் 1 முதல் இருக்குற 'பாரத் கிரக ரக்‌ஷா' பாலிசியில வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தா, உள்ளே இருக்குற பொதுவான சாமான்களுக்கும் கட்டடத் தொகையில 20%, அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாவே சேரும். வாடகை வீட்டுக்காரங்க சாமான்களுக்கு மட்டும் தனியா எடுக்கலாம். சேதம் ஆனா கம்பெனிக்குத் தகவல் சொல்லிட்டுத்தான் பொருளை அப்புறப்படுத்தணும். சிந்தின காப்பிக்கெல்லாம் கிளெய்ம் கிடையாது. என்கிட்ட அப்போ இந்தப் பாலிசி இல்லை. கிளையன்ட்டுகளுக்கு எடுத்துக் குடுத்திருந்தேன், எனக்கு எடுத்துக்கலை.

வாங்கும்போதே கேளுங்க

நம்ம வீடுகள்ல முன்னாடி என்ன இருந்துச்சு? கோரைப்பாய், ஜமுக்காளம், இலவம்பஞ்சு மெத்தை. பாயைத் துடைக்கலாம். ஜமுக்காளத்தைத் துவைக்கலாம். மெத்தையைப் பிரிச்சு, பஞ்சைக் காய வெச்சு அடிச்சு, மறுபடி தைக்கலாம். நாம வாங்குற ஃபோம் சோஃபாவையும் ஒட்டுன கார்ப்பெட்டையும் பிரிக்கவே முடியாது. பழசுக்குத் திரும்புங்கன்னு சொல்லலை. கடையில ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "உறையைக் கழட்டித் துவைக்க முடியுமா?" ஜிப் வெச்ச உறைக்கு ஆயிரம் ரூபாய் கூட ஆனாலும் குடுங்க. தரைத்தளத்துல இருந்தா மெத்தையைத் தரையில போடாம ஒரு கட்டில் வாங்குங்க.

பழசு நாறுதுன்னு தீபாவளி ஆஃபர்ல 'நோ காஸ்ட் இஎம்ஐ' பக்கம் ஓடாதீங்க. பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே சொல்லிடுச்சு. வட்டி எங்கேயோ விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கும், கிரெடிட் கார்டு இஎம்ஐ-ன்னா அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி வேற. மாசம் 500 ரூபாய்னு 'வீட்டுச் சாமான் நிதி' ஒண்ணு தனியா ஆர்டி போட்டு வைங்க. ரெண்டு வருஷத்துல ஒரு மெத்தைக் காசு கையில இருக்கும். அது இருந்திருந்தா, அன்னைக்கு "பதினாறாயிரம் குடுத்து வாங்கினது"ன்னு நான் அடம் பிடிச்சிருக்க மாட்டேன்.

அந்த மழைக்கு அப்புறம், செல்லூர் கண்மாயிலேருந்து வைகை வரைக்கும் சிமென்ட் கால்வாய் கட்ட 11.9 கோடி ரூபாய்னு அரசு அறிவிச்சது. தெருத் தண்ணிக்கு வழி அவங்க பார்க்கட்டும். நம்ம வீட்டு மெத்தைக்கு நாமதான் பார்க்கணும்.

இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. வெளியூர்லேருந்து யாராவது வந்தா, "எங்க ரூம்ல ஏதாவது வாடை அடிக்குதா?"ன்னு வெக்கப்படாம கேளுங்க. அவங்க ஒரு நொடி தயங்கினா, காலையில மெத்தையைத் திருப்பிப் பாருங்க.